தொற்றுக் காலச் சிங்கப்பூர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நான் சிறிய உணவகம் நடத்துகிறேன். 2020 ஊரடங்கில் கடையை மூடியதால் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. சிங்கப்பூரின் உணவங்காடிகளில் (ஒரே கூரையின்கீழ் பல சிறு உணவுக் கடைகள் இயங்கும் இடங்கள்) கடை வைத்திருப்பவர்கள் அதே காலத்தை எப்படிக் கடந்தார்கள்?

பதில்: உங்கள் நிலைக்கும் அவர்கள் நிலைக்கும் இடையில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை அங்கு நடப்பிலிருந்த ‘சர்க்கிட் பிரேக்கர்’ கட்டுப்பாட்டில் உணவுக் கடைகள் மூடப்படவில்லை. அமர்ந்து சாப்பிடுவதற்கு மட்டுமே தடை இருந்தது. மேசைகளையும் இருக்கைகளையும் நாடா ஒட்டி மறித்துவிட்டு, கடைக்காரர்கள் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். மூன்று வேளையும் அங்காடியை நம்பி வாழ்வோர் ஏராளமாக உள்ள நகரம் என்பதால், அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட அந்த முடிவு மிகச் சரியானது என்றே கருதுகிறேன்.

ஆனாலும் அலுவலகப் பணி வீட்டுக்கு மாறியதும், நகர மையத்தில் மதிய நேரக் கூட்டத்தை நம்பியிருந்த கடைகள் வெறிச்சோடின. அடுக்குமாடிக் குடியிருப்புகளை ஒட்டிய கடைகள் ஓரளவு தப்பின. உணவு விநியோகச் செயலிகள் வழியே விற்கலாம் என்றால், அவை எடுத்துக்கொண்ட தரகு 30 விழுக்காட்டை நெருங்கியது. நான்கைந்து வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு தட்டுச் சோறு விற்பவருக்கு அதில் என்ன மிஞ்சும்? அத்தரகில் 5 விழுக்காட்டுப் புள்ளிகளை அரசு தற்காலிகமாக ஏற்றுக்கொண்டது. தனது அங்காடிகளில் சில மாத வாடகையையும் தள்ளுபடி செய்தது. கடைக்காரர்களும் கைகட்டி இருக்கவில்லை. ‘ஹாக்கர்ஸ் யுனைடெட் – டாபாவ் 2020’ என்ற ஃபேஸ்புக் குழுவில் (டாபாவ் என்றால் பொட்டலம் கட்டி எடுத்துச் செல்வது) தங்கள் உணவுப் பட்டியலைத் தாங்களே பதிவிட்டு, செயலிகளுக்குத் தரகு தராமல் வாடிக்கையாளரை நேரடியாகத் தேடிக்கொண்டார்கள்.

இதைவிடக் கடினமாக இருந்தது, ரொக்கத்தை மட்டுமே கையாண்டு பழகிய முதிய கடைக்காரர்களைக் கைப்பேசிப் பணப்பரிமாற்றத்துக்குக் கொண்டுவந்தது. மாதத்திற்குக் குறைந்தது 20 ரொக்கமில்லாப் பரிமாற்றங்களைச் செய்த கடைக்கு மாதம் 300 வெள்ளி வீதம் ஐந்து மாதங்கள் ஊக்கத்தொகை தரப்பட்டது. பணத்தைவிடப் பெரிய உதவி, கடை கடையாகச் சென்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்த ‘டிஜிட்டல் தூதர்கள்’தாம். அந்த ஆண்டு டிசம்பர் 16 அன்று சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, கடைக்காரர்களில் பலர் இன்னும் பழைய வருமானத்தை எட்டியிருக்கவில்லை.

கேள்வி: விமானப் போக்குவரத்தையும் வணிகத்தையும் நம்பிய நகரத்தில் பெரிய நிறுவனங்கள் ஆட்களை வெளியேற்றாமல் சமாளித்தனவா?

பதில்: வெளியேற்றவே இல்லை என்று சொல்ல முடியாது. சாங்கி விமான நிலையத்தின் ஆண்டுப் பயணிகள் எண்ணிக்கை 2019இல் 6.83 கோடியாக இருந்து, 2020இல் 1.18 கோடியாகச் சரிந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் 2020 செப்டம்பரில் சுமார் 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. அதற்கு முன்பே அதன் விமானப் பணியாளர்கள் பலர் மருத்துவமனைகளில் உதவியாளர்களாகப் பணிபுரியச் சென்றிருந்தார்கள். அக்டோபரில் நிறுவனம் தரையில் நின்ற ஏ380 விமானத்தையே உணவகமாக்கிச் சாப்பாடு பரிமாறியது.

இழப்பு இன்னும் பெருகாமல் தடுத்தது ‘வேலை ஆதரவுத் திட்டம்’. ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 4,600 வெள்ளி வரை, துறைக்கு ஏற்ப ஒரு பங்கை அரசு முதலாளிக்குக் கொடுத்தது. ஏப்ரல், மே மாதங்களில் அப்பங்கு எல்லாத் துறைகளுக்கும் 75 விழுக்காடு. ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே கணக்கிடப்பட்டது. இந்த வரம்பு அடுத்த கேள்விக்கு இட்டுச் செல்கிறது.

கேள்வி: என் தம்பி அங்கே கட்டுமானத் தொழிலாளி. ‘நாடே சமாளித்துக்கொண்டது’ என்று படிக்கும்போதெல்லாம், அவன் விடுதி அறைக்குள் அடைபட்டுக் கிடந்த மாதங்களே என் நினைவுக்கு வருகின்றன. அவர்களையும் சேர்த்துத்தான் இப்படிச் சொல்கிறார்களா?

பதில்: அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை ஓர் அறையில் அடுக்குக் கட்டில்களில் உறங்கி, கழிவறையையும் சமையற்கூடத்தையும் பகிர்ந்துகொண்டவர்களால், விரும்பினாலும் தனித்திருக்க முடியாது. 2020 ஏப்ரல் 5 அன்று பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த இரண்டு விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டு, ஏறக்குறைய 20,000 பேர் வெளியே வர முடியாமல் போனது. விரைவில் மற்ற விடுதிகளும் அடைக்கப்பட்டன. விடுதிகளில் தங்கியிருந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததை அந்த ஆண்டு டிசம்பரில் அரசே வெளியிட்டது. அறைகளின் நெரிசலைக் குறைக்க ராணுவ முகாம்களும், காலியாக இருந்த அடுக்குமாடிகளும், குணமடைந்தோருக்காக உல்லாசக் கப்பல்களும் பயன்படுத்தப்பட்டன. சிகிச்சையில் குறை வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு ஏற்க முடியாதது அதன் பிறகு நடந்ததே. 2020 ஜூன் 19 முதல் ஊர் மக்கள் ஐந்து பேராகக் கூடிக் கடையில் அமர்ந்து சாப்பிட முடிந்தது. விடுதித் தொழிலாளர்களோ, வேலைக்குத் திரும்பிய பின்னரும் வேலையிடம், விடுதி, பொழுதுபோக்கு மையம் என்ற வட்டத்துக்குள்ளேயே இருந்தார்கள். லிட்டில் இந்தியா, கேலாங் சிராய் ஆகிய கடைவீதிப் பகுதிகளுக்குச் சென்றுவர, தடுப்பூசி போட்டவர்களில் வாரத்திற்கு 500 பேருக்கு ஆறு மணி நேர அனுமதி சோதனை முறையில் கிடைத்தது 2021 செப்டம்பரில்தான்.

அதே மாதம், புதிதாகக் கட்டப்படும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும் என விதிக்கப்பட்டது. பழைய விடுதிகளுக்கு இடைக்கால விதிகளை நிறைவேற்ற 2030 வரையிலும், புதிய விதிகளை முழுமையாக எட்ட 2040 வரையிலும் அவகாசம் தரப்பட்டிருக்கிறது. உங்கள் தம்பி எந்த வகை விடுதியில் தங்கியிருக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள்.