கணக்கு பதில்கள்: 119 பகா எண்ணா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். 100 வரைக்கும் உள்ள 25 பகா எண்களையும் கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஆனால் 119, 143, 221 என்று கொடுத்தால் மூன்றையுமே பகா எண் என்று எழுதிவிட்டு வருகிறாள். வகுபடும் விதிகளிலும் 3-க்கு உள்ளதை 4-க்குப் போட்டுக் குழப்புகிறாள். தினமும் எத்தனை கணக்கு கொடுத்துப் பழக்குவது?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: தினமும் ஐந்து எண் போதும், ஆனால் ஒவ்வொன்றையும் இனி உடைக்கவே முடியாது என்கிற வரைக்கும் உடைக்க வேண்டும். ஒப்பிக்கிற பட்டியல் 97-ஓடு முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டி ஓர் எண் வந்தால், ஒற்றைப்படையாக இருக்கிறது, 5-இலும் முடியவில்லை, அப்போது பகா எண்தான் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். 119-ஐ 7-ஆல் வகுத்திருந்தால் 17 வந்திருக்கும். 143 என்பது 11×13, 221 என்பது 13×17.

விதிகள் குழம்புவது, அவை ஏன் பலிக்கின்றன என்று தெரியாததால்தான். தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர், அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அத்தனை கேரட் இருப்பதாக வைத்து, ஒன்பது ஒன்பதாகக் கட்டச் சொல்லுங்கள். ஆயிரம் கேரட்டைக் கட்டினால் 111 கட்டு போக ஒன்று மிஞ்சும், நூறில் 11 கட்டு போக ஒன்று, பத்தில் ஒரு கட்டு போக ஒன்று. அப்படியானால் இரண்டு ஆயிரத்தில் 2, ஆறு நூறில் 6, மூன்று பத்தில் 3, உதிரியாக இருக்கும் 7, எல்லாம் சேர்ந்து 18 மிஞ்சுகிறது, அதுவும் இரண்டு கட்டாகிவிடும். இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் விதி இவ்வளவுதான்! 3-க்கும் இதே கதைதான். 4-க்கு இது ஒத்துவராது, ஏனென்றால் நூறு 4-ஆல் மீதியில்லாமல் வகுபட்டுவிடும், அதனால் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்தாலே போதும். ஆயிரம் 8-ஆல் வகுபடும், எனவே 8-க்குக் கடைசி மூன்று. காரணத்தோடு ஒருமுறை புரிந்துவிட்டால் அப்புறம் மாறாது.

சரி, 2637-இல் மொத்தக் கட்டு 293. இது பகா எண்ணா? இங்கேதான் பிள்ளைகள் களைத்துப்போய் ஊகித்துவிடுகிறார்கள். 292 வரைக்கும் வகுத்துப் பார்க்க வேண்டாம், 2, 3, 5, 7, 11, 13, 17 என்று ஏழே ஏழு முறை வகுத்தால் போதும். அடுத்த பகா எண் 19, 19×19 என்பது 361, அது 293-ஐத் தாண்டிவிட்டது. 293 இரண்டு எண்களின் பெருக்கலாக இருந்தால் இரண்டுமே 19-ஓ அதற்கு மேலோ இருக்க முடியாது, ஒன்றாவது சின்னதாக இருந்தே தீரும், அந்தச் சின்னதை நாம் ஏற்கெனவே தேடி முடித்துவிட்டோம். ஏழிலும் மீதி வருகிறது, ஆகவே 293 பகா எண். இந்த இடத்தை மட்டும் அவசரப்படாமல், அவளே உங்களுக்கு விளக்கிச் சொல்கிற வரைக்கும் விடாதீர்கள்.

பயிற்சிக்கு நோட்டே வேண்டும் என்றில்லை. நீலகிரி மலை ரயில் பாதையில் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள். 208-க்கு 16 காரணியா என்று கேளுங்கள், 13 என்று வரும். ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்று முதல் எண்ணிக்கொண்டே வந்து, ஒவ்வொரு வளைவிலும் அந்த எண்ணின் காரணிகளைச் சொல்லச் சொல்லுங்கள். 11 இடத்தில் பகா எண் வரும். மற்ற எண்களுக்குக் காரணிகள் ஜோடி ஜோடியாக வர, 1, 4, 9, 16, 25, 36-இல் மட்டும் ஒரு காரணி தனக்குத்தானே ஜோடியாக நிற்கும். அதை அவளாகக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: 1-ஐ 1-ஆலும் அதே எண்ணாலும்தானே வகுக்க முடியும், பிறகு ஏன் அது பகா எண் இல்லை?
– ஏழாம் வகுப்பு மாணவன், கூடலூர்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு காரணிகள் இருக்க வேண்டும். 1-க்கு இருப்பது ஒன்றே ஒன்று. இன்னொன்றும் உண்டு. 12-ஐப் பகா எண்களாக உடைத்தால் 2×2×3, யார் உடைத்தாலும் இதேதான் வரும். 1-ஐயும் சேர்த்துக்கொண்டால் 1×2×2×3, 1×1×2×2×3 என்று முடிவே இல்லாமல் எழுதிக்கொண்டு போகலாம். அதனால்தான் அதை வெளியே நிறுத்தினார்கள். அது பகு எண்ணும் அல்ல, தேர்வில் அப்படியும் எழுதிவிடாதே.