தாளைத் திருப்பு

அன்புள்ள அண்ணாச்சி,

நான் திருநெல்வேலி டவுனில் இருக்கிறேன். நாலு வருஷமாக வயலின் கற்றுக்கொள்கிறேன். மை பேனா பைத்தியமும் உண்டு, கைவசம் ஒன்பது பேனா இருக்கிறது. இப்போது மியூசிக் நிப் உள்ள பேனா ஒன்று வாங்கி, கீர்த்தனைகளைச் சுரத்தோடு நல்ல நோட்டில் அழகாக எழுதிவைக்க ஆசை. ஜப்பான் பேனாக்களான பிளாட்டினம் 3776, பைலட், செய்லர் மூன்றில் எதை வாங்கலாம்? இரண்டு பிளவு உள்ள நிப் நல்லதா, ஒரு பிளவு போதுமா? தமிழ் எழுத்து அதில் வருமா? நம் ஊர் மையும் தாளும் ஒத்துவருமா? என் வாத்தியாருக்கு 78 வயது. நான் கொண்டுபோகும் ஜெராக்ஸைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு 'நீயே வாசியேன்' என்று திருப்பித் தந்துவிடுகிறார். கைப்பட அழகாக எழுதினால் அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பேனா பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. ஒன்றுக்குப் போட்டால் அடுத்த வாரம் பத்து வரும், பத்திலும் எதை வாங்கலாம் என்ற ஒரே கேள்விதான் இருக்கும், எதை எழுதலாம் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார். உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் வேறு. போன வாரம் பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டு முன்கூடத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி. பத்துப் பன்னிரண்டு பேர், எல்லார் கையிலும் செல்போன். பாடுவதும், இரண்டு விரலால் திரையை விரிப்பதும், விரித்ததில் அடுத்த வரி காணாமல் போய் அதைத் தேடுவதுமாக இருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அது மனசிலேயே கிடந்தது. மறுநாள் உங்கள் கடிதம்.

முதலில் திட்டிவிடுகிறேன். ஒன்பது பேனா இருக்கிறது என்கிறீர்கள், எத்தனை நோட்டு தீர்ந்தது என்று சொல்லவில்லை. போகட்டும். பெயரில் மியூசிக் இருக்கிறதே என்று நம் சுரத்தை எழுத அந்த நிப் உதவும் என நம்பிவிட்டீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாலு வருஷம் படித்த ஆள் நீங்கள். சுரம் எழுதுவது எப்படி என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? ச ரி க ம என்று எழுத்துகள். மேலே ஏறும் தாரஸ்தாயிக்கு மேலே புள்ளி, கீழே இறங்கும் மந்திரஸ்தாயிக்குக் கீழே புள்ளி. நீட்டினால் காற்புள்ளி, இன்னும் நீட்டினால் அரைப்புள்ளி, காலம் ஏறினால் தலைக்கு மேல் கோடு. முக்கால்வாசி வேலை பொடிப் பொடியான புள்ளியிலும் கோட்டிலும்தான் நடக்கிறது. மியூசிக் நிப்பின் முனை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம், மையும் தாராளமாக இறங்கும். காற்புள்ளி கடுகு மாதிரி வந்து உட்காரும். இரண்டு வரிக்கு நடுவே ஒரு குண்டுப் புள்ளி விழுந்தால் அது மேல்வரியின் மந்திர நிஷாதமா, கீழ்வரியின் தார ஷட்ஜமா என்று நீங்களே ஒரு மாதம் கழித்துக் குழம்புவீர்கள். சுரத்துக்கு மெல்லிய நிப்தான் வேண்டும். உங்களிடம் இருக்கும் ஒன்பதில் எது மெல்லியதோ அது போதும்.

அப்படியானால் அந்த நிப் எதற்கு? அது ஐந்து கோட்டு இசைக்குறிப்புக்காகப் பிறந்தது. ஐந்து கோட்டில் சுரத்துக்குக் குண்டாக ஒரு தலை, தலையிலிருந்து செங்குத்தாக மெல்லிய ஒரு தண்டு, தண்டுகளைச் சேர்த்துக் கட்ட மேலே தடிமனாக ஒரு கட்டை. தலையும் கட்டையும் பட்டையாக வரவேண்டும், தண்டு மயிரிழை மாதிரி வரவேண்டும். நாம் சாதாரணமாகப் பேனா பிடித்தால் பட்டை நிப்பில் இதற்கு நேர்மாறாகத்தான் வரும், மேலிருந்து கீழே இழுப்பது தடிமனாகவும் குறுக்கே போவது மெல்லியதாகவும். அதனால் நகலெடுக்கிறவர்கள் பேனாவைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடிப்பார்கள். அந்தக் கோணத்தில் ஒரு தொடு தொட்டால் ஒரு தலை, ஒரு இழுப்பில் ஒரு கட்டை. வட்டம் போட்டு அதற்குள் மை நிரப்பிக்கொண்டிருக்க நேரம் கிடையாது அவர்களுக்கு. முனை அகலமாக இருப்பதால் ஒரே பிளவு வழியாக வரும் மை ஓரம் வரைக்கும் போய்ச் சேருவது கஷ்டம் என்றுதான் இரண்டு பிளவு கிழித்து மூன்று பிரிவாக்கினார்கள். அதில் அழகு, அந்தஸ்து என்றெல்லாம் ஒன்றும் இல்லை.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் ஒரு பாட்டு வாத்தியார் இருந்தார். பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்கன் வாசிப்பார். (எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வார்கள், வடக்கே இருந்து வருகிறவர்கள் இதில் ஒருமுறையாவது குழம்புவார்கள்.) கார்த்திகை பிறந்தால் அவருக்கு வேலை தொடங்கிவிடும். கிறிஸ்துமஸுக்குப் பாடுகிற இருபது சொச்சம் பேருக்கும் அவரே நகலெடுக்க வேண்டும். சொப்ரானோ, ஆல்டோ, டெனார், பாஸ் என்று நாலு குரல். ஐந்து கோடு படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதில், தெரியாதவர்களுக்கு சோல்ஃபா எழுத்தில், அதாவது டோ ரே மீயைக் கோடில்லாமல் எழுத்தாகவே எழுதும் முறையில். இங்கிலாந்தில் சாரா குளோவர் என்ற அம்மாள் தொடங்கி ஜான் கர்வென் பரப்பிய அந்த எழுத்துமுறை மிஷனரிகளோடு கப்பலேறி எங்கெங்கோ போனது, எங்கள் தெரு வரைக்கும் வந்தது.

கோடு போடுவது என் வேலை. பத்தமடைப் பாயில் உட்கார்ந்து ஸ்கேலும் பென்சிலுமாக ஐந்து ஐந்தாகப் போட்டுத் தள்ளுவேன், கூலி ஒரு தம்ளர் கருப்பட்டிக் காப்பி. அவர் கணக்குப்பிள்ளை மேசை ஒன்றை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதுவார். மியூசிக் நிப் என்ற பெயரையே அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். முனை உடைந்த சாதாரண நிப்பைச் சாணைக்கல்லில் தேய்த்துத் தேய்த்துப் பட்டையாக்கி வைத்திருந்தார். ஒருநாள் அவர் வெளியே போன நேரத்தில் நான் அதை எடுத்து எழுதிப் பார்த்தேன். தண்டெல்லாம் தூண் மாதிரி வந்தது. சரி, பேனாவைப் பக்கவாட்டில் பிடிக்கவேண்டும்போல என்று மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு நான் போராடுவதை அவர் வாசலிலேயே நின்று பார்த்திருக்கிறார். "கைய ஏம்ல இந்த முறுக்கு முறுக்குத? தாளத் திருப்பு" என்றார். தாளைக் கால் வட்டம் திருப்பி வைத்தேன். அவ்வளவுதான், தண்டு குறுக்குக் கோடாகி மெலிந்தது, கட்டை கீழிழுப்பாகித் தடித்தது. கை இருந்த இடத்திலேயே இருந்தது.

உங்களிடம் சொல்ல நினைத்தது இதற்கு அடுத்தது. அவர் எடுத்த நகல்களில் ஒன்று போல இன்னொன்று இருக்காது. பாஸ் பாடிய ஒரு பெரியவருக்குப் பார்வை மட்டு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கையை நீட்டிப் பிடித்துத்தான் படிப்பார். அவர் தாளில் தலைகள் நவ்வாப்பழம் மாதிரி இருக்கும், பக்கத்துக்கு மூன்று வரிதான். டெனாரில் ஒரு பையன் மூச்சு எடுக்கிற இடத்தை எப்போதும் விட்டுவிடுவான், அவன் தாளில் மட்டும் மூச்சுக்குறி சிவப்பு மையில். மேல்சுரம் எட்டாத ஒருத்தருக்கு அந்த ஒரு சுரத்தையே இறக்கி எழுதிக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சொன்னார். இப்போது சொல்லிவிட்டேன்.

பட்டை நிப் எழுதுகிறவனுக்காக இல்லை, எஸ். தள்ளி நின்று படிக்கிறவனுக்காக. இதை நான் நூறு முறை சொல்வேன். இணையத்தில் மியூசிக் நிப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் தன் கையெழுத்து எப்படி வருகிறது, கோடு எப்படித் தடித்து மெலிகிறது, மை எப்படி மினுங்குகிறது என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்தக் காகிதத்தை அப்புறம் ஒருத்தரும் படிப்பதில்லை. 'விரைவாய்த் தாவிய நரி' மாதிரி ஏதோ ஒரு வரியை ஐம்பது முறை எழுதுகிறார்கள். நீங்களும் என்னிடம் நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், நாலும் நிப்பைப் பற்றி. நோட்டை யார் படிக்கப்போகிறார், எவ்வளவு தூரத்தில் இருந்து, என்ன வெளிச்சத்தில் என்று ஒன்றுகூட இல்லை. பதில் மட்டும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, கடைசி வரியில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறீர்கள்.

இதற்கு எட்டயபுரத்துக் கதை ஒன்று சொல்கிறேன். எட்டயபுரம் இப்போது தூத்துக்குடி மாவட்டம், அன்றைக்கு நம் திருநெல்வேலி ஜில்லா. சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் என்று ஒருவர், கிறிஸ்தவர், நம் கீர்த்தனைகளை ஐந்து கோட்டில் எழுதியே தீருவது என்று 1890களில் உட்கார்ந்தார். எட்டயபுரம் அரண்மனை வித்வான் சுப்பராம தீட்சிதரிடம் பாடம் கேட்டு எழுதினார். எழுதி எழுதி அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. தன்னால் முடியாது என்று தெரிந்ததும் எட்டயபுரம் மகாராஜாவிடம் போய், தீட்சிதரையே எல்லாவற்றையும் எழுதச்சொல்லி அச்சிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சானது 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி', தெலுங்கு எழுத்தில், சுரத்தை அசைத்துப் பாடும் ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக்குறி போட்டு. முத்துசுவாமி தீட்சிதரின் உருப்படிகள் இருநூற்றுச் சொச்சம் அதில் இருக்கின்றன. ஐந்து கோடு தோற்றது, சுர எழுத்து நின்றது என்று இதைச் சொல்வார்கள். எனக்கு ஞாபகம் வருவது அந்த மனுஷரின் கண். கண் போகிற நேரத்திலும், தனக்கு அப்புறம் யார் படிப்பார் என்று யோசித்துக்கொண்டு ரயிலேறியிருக்கிறார்.

சரி, உங்கள் வாத்தியாருக்கு வருகிறேன். 'கைப்பட எழுதினால் சந்தோஷப்படுவார்' என்கிறீர்கள். அவர் ஜெராக்ஸைத் திருப்பித் தந்தது அழகாக இல்லை என்பதற்காகவா? கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக அய்யா! அதை உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். நாலு வருஷமாக எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள், இதுகூடவா பிடிபடவில்லை? வயலின் மடியில் இருக்கும்போது நோட்டு தரையில் கிடக்கும். குனிந்தால் வில் இடிக்கும். குறைந்தது மூன்றடி தூரம். அங்கேதான் உங்கள் பட்டை நிப்புக்கு வேலை இருக்கிறது. சாகித்தியத்தை, அதாவது பாட்டின் வார்த்தைகளை, அதில் எழுதுங்கள், வரிக்கு நாலு ஐந்து வார்த்தை போதும், நன்றாக இடம் விட்டு. அதன் மேல் சுரத்தை மெல்லிய நிப்பில் எழுதிக்கொள்ளுங்கள், அது உங்களுக்கு. அவருக்குச் சுரம் தேவையில்லை, அடி எடுத்துக்கொடுத்தால் மிச்சம் தானாக வரும். தமிழ் எழுத்து வருமா என்று கேட்டிருந்தீர்கள். ப, ட, ம எல்லாம் கல்லில் வெட்டியது போல நிற்கும். ண, இ, ஐ மூன்றும் சிறிதாக எழுதினால் சுழி அடைபட்டுக் கறுப்புக் கட்டியாகிவிடும், ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் எழுதுங்கள்.

எந்தக் கம்பெனி என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. பிளாட்டினத்திலும் பைலட்டிலும் இரண்டு பிளவு, செய்லரில் ஒன்றுதான். பிளாட்டினம் 3776இல் மூடி நன்றாக இறுகும், மை சீக்கிரம் காயாது. நம் பங்குனி வெயிலுக்கு அது லாபம். ஃபுஜி மலையின் உயரம் மீட்டரில் 3776, அந்தப் பெயர் அப்படி வந்தது, இதைத் தெரிந்துகொள்வதால் கையெழுத்து முன்னேறாது. மை நம் ஊரில் கிடைக்கும் பிரில் போதும். தாள்தான் சிக்கல், சாதாரண லாங் சைஸ் நோட்டில் மை ஊறிப் பின்பக்கம் தெரியும். ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், என்ன குறைந்துவிடும். அப்புறம், கறுப்பாக இருக்கிறதே என்று இந்தியன் இங்க் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அதில் அரக்கு இருக்கிறது, காய்ந்தால் நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டை மொத்தமாக அடைத்துக்கொள்ளும். பத்தொன்பது வயதில் அப்பாவின் பேனாவில் நான் அதைச் செய்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பேனாவுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பத்து ரூபாய் ஸ்கெட்ச் பேனாவில் ஒரு பல்லவியை மட்டும் பெரிதாக எழுதி, அடுத்த பாடத்தின்போது ஒன்றும் சொல்லாமல் வாத்தியாருக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு உங்கள் வயலினைச் சுருதி சேர்த்துக்கொண்டிருங்கள். அவர் பாட ஆரம்பித்தால் எனக்கு எழுதுங்கள்.