பூம்புகாரில் பார்க்க ஒன்றுமில்லையா? பாலக்கோட்டு நண்பருக்குப் பதில்

வணக்கம்ங்க. முழங்கால் வலியுள்ள அப்பாவைத் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டிலிருந்து பூம்புகாருக்குக் கூட்டிப் போக நினைக்கிறீர்கள். "அங்கே கடலைத் தவிர ஒன்றுமில்லை" என்று உறவினர்கள் தடுக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள்.

ஆனால் ஹம்பி மாதிரி நின்ற நிலையில் இடிபாடுகள் இருக்கும் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். சோழர் துறைமுகத்தின் பெரும்பகுதி கடலுக்குள்ளும் மண்ணுக்குள்ளும்தான் கிடக்கிறது. கண்ணால் பார்க்க முதலில் பூம்புகாரைச் சேர்ந்த பல்லவனேச்சரம் என்ற இடத்துக்குப் போங்கள். அகழாய்வில் வெளிப்பட்ட புத்த விகாரையின் செங்கல் அடித்தளம் அங்கே இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய புத்தர் பாதமும் அங்கேதான் கிடைத்தது. பக்கத்துக் கீழையூரில், படகு கட்டும் மரத்தூண்களோடு செங்கல் படகுத்துறை ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அந்த மரத்தின் வயது ஏறத்தாழ 2300 ஆண்டு! கடல்வழி குதிரைகளும், தரைவழி மிளகு மூட்டைகளும் வந்து குவிந்ததாகப் பட்டினப்பாலை பாடும் ஊர் இது. கிளம்பும் முன் அந்த வரிகளை அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள், பார்வையே மாறிவிடும்.

சேலம், திருச்சி, மயிலாடுதுறை வழியாகப் போகலாம். ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டாம், அவருடைய கால் தாங்காது. மயிலாடுதுறையில் இரவு தங்கி, வெயில் ஏறும் முன் ஆட்டோவில் போங்கள். கடலில் மட்டும் இறங்க விடாதீர்கள், அலை முரடு.

அப்புறம், காவிரி கடலில் சேரும் இடத்தை அவசியம் காட்டுங்கள். ஒகேனக்கல்லில் பாறையைப் பிளந்துகொண்டு விழும் நம் ஆறு, அங்கே ஒடுங்கிப்போய் மணலில் கலக்கிறது. தருமபுரிக்காரருக்கு அதைப் பார்க்கவே அந்தப் பயணம் தகும்.