14 வருடப் பழைய கார் வாங்கலாமா? எஃப்.சி.யில் (ஆர்.டி.ஓ. ஆபீஸ் தகுதிச் சோதனையில்) எதில் மாட்டும்?

வாங்கலாம். ஆனால் டயரை உதைத்துப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்.சி. புக்கைக் கையில் வைத்துக்கொண்டு சேஸ் நம்பரை, அதாவது வண்டியின் உடம்பிலேயே அடித்திருக்கும் அடையாள எண்ணைத் தேடுங்கள். தகட்டில் அடித்த ஒவ்வொரு எழுத்தும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

2023இல் நான் ஒரு 2009 மாடல் ஆல்ட்டோ வாங்கினேன். அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம், பஸ் படி ஏற முடியாது. ஓட்டிப் பார்த்தேன், ஏசி போட்டுப் பார்த்தேன், திருப்தியாகத்தான் இருந்தது. மறுவருடம் வண்டிக்கு 15 வயது முடிந்து, ஆர்.சி. புதுப்பிக்க எஃப்.சி.க்குக் கொண்டுபோனால், பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார். சேஸ் நம்பரின் 17 எழுத்தில் கடைசி நான்கைத் துரு தின்றிருந்தது. போதாததற்கு ஆர்.சி.யில் சில்வர், வண்டியோ வெள்ளை. யாரோ பெயின்ட் அடித்துவிட்டுப் பதியாமல் விட்டிருக்கிறார்கள். திருப்பி அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம்பர் இல்லாத வண்டி திருட்டு வண்டியா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? விற்றுக்கொடுத்த புரோக்கர்தான் அதன்பிறகு போனே எடுக்கவில்லை. எல்லாப் புரோக்கரும் இப்படி என்று நான் சொல்லவில்லை, அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள்.

அனுமதி வாங்கி நம்பரைத் திரும்ப அடித்து, கலரையும் மாற்றிப் பதிய இரண்டரை மாதம் ஆனது. அதுவரை வண்டியை எடுக்க முடியாது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோதான். அந்த நேரம் பார்த்து சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து, "லோன் போட்டுப் புதுசாவே எடுத்திருக்கலாமே" என்றார்கள். ஏழு வருடம் வட்டி கட்ட வேண்டாம் என்று நினைப்பது அவ்வளவு பெரிய தப்பா? அவர்களில் ஒருவர்கூட அம்மாவை ஒரு நாள் கூட்டிப்போகவில்லை.

சரி, மற்றவை பட்டறையில் சரிசெய்யக்கூடியவை. ஹேண்ட் பிரேக் போட்டு வண்டியைச் சரிவில் நிறுத்திப் பாருங்கள், பலர் அங்கேதான் மாட்டுகிறார்கள். டயர் பட்டன், அதாவது டயரில் உள்ள பள்ளத்தின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கண்ணைக் கூசும் வெள்ளை எல்.இ.டி. பல்பு, கறுப்பு ஃபிலிம், முன் பம்பரில் மாட்டிய இரும்புத் தடுப்பு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வைப்பர், ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், புகை சர்டிபிகேட் வழக்கமானவை.

15 வருடம் தாண்டிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பேரம் பேசும்போது அதையும் பட்டறைச் செலவையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள். சேஸ் நம்பர் தேய்ந்திருந்தால் மட்டும் பேரமே பேசாதீர்கள்.