முருகனை வெட்ட வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

தினமும் விடியற்காலையில் அரை மணி நேரம் தியானத்தில் அமர்கிறேன். இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. 'பிரம்மம் உருவமற்றது, உருவங்களை விலக்கி அதில் நில்' என்றுதான் வகுப்பில் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் கண்ணை மூடினால் எங்கள் ஊர் முருகன் சந்தனக் காப்போடு வந்து நிற்கிறான். பாட்டியின் இடுப்பில் இருந்துகொண்டு பார்த்த அதே முகம். விலக்க விலக்க வருகிறான். இது தடையா? நான் இன்னும் கீழ்ப்படியில்தான் இருக்கிறேனா?

க., சேலம்

அன்புள்ள க.,

கூப்பிடாமலே வருகிறவனை இரண்டு ஆண்டுகளாக வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறியவன் அவன். இவ்வளவு பொறுமையாக நிற்பதே ஆச்சரியம்.

உங்கள் வகுப்பில் ஒலித்தது, பிரம்மமும் நாமும் இரண்டல்ல என்னும் அத்வைதத்தின் குரல். அதற்குக் கடுமையான சாட்சியும் உண்டு. 1860களில் கொல்கத்தாவை அடுத்த தட்சிணேஸ்வரம் காளி கோயிலுக்கு வந்த தோதாபுரி என்ற துறவி, அங்கே காளியை வழிபட்டு வந்த ராமகிருஷ்ணருக்கு உருவமற்ற தியானத்தைக் கற்பித்தார். ராமகிருஷ்ணரால் மற்ற எல்லாவற்றையும் விலக்க முடிந்தது. காளியை மட்டும் முடியவில்லை. தோதாபுரி ஒரு கண்ணாடித் துண்டைத் தேடி எடுத்து, அவருடைய புருவ மத்தியில் அழுத்தி, மனத்தை அங்கே நிறுத்தச் சொன்னார். மறுபடியும் காளி வந்தபோது, ஞானத்தையே வாளாக்கி அவளை இரண்டாக வெட்டியதாக ராமகிருஷ்ணர் பின்னாளில் சொன்னார். மூன்று நாட்கள் அசைவற்றிருந்தார். இதுவரைக்கும் படித்தால் உங்களுக்கும் கை வாளைத் தேடும். ஆனால் வெட்டியவர் எழுந்து வந்த பிறகும் கடைசிவரை காளியைத்தான் அம்மா என்று அழைத்துக்கொண்டிருந்தார். கதையின் இந்தப் பாதியையும் படிக்க வேண்டும்.

ராமானுஜரிடம் போனால் உங்கள் கேள்வியே தலைகீழாகிவிடும். அவருடைய பிரம்மம் எண்ணற்ற நற்குணங்களை உடைய நாராயணன். தியானம் என்றால் அவனை இடையறாமல் நினைப்பது, எண்ணெய் ஒழுகுவதைப் போல. தைலதாரை என்பார்கள். நல்லெண்ணெயை உயரத்திலிருந்து ஊற்றிப் பாருங்கள்; சிதறாது, சத்தம் வராது, நூல் பிடித்ததுபோல் இறங்கும். அந்த நினைவு அன்பாகக் கனிந்தால் அதுவே பக்தி. அவர் கணக்கில், நீங்கள் விலக்குகிறீர்களே, அதுதான் தடை.

பதஞ்சலி இன்னும் தாராளமானவர். யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் மனத்தை நிலைநிறுத்தும் வழிகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்து, 39ஆம் சூத்திரத்தில், அல்லது உனக்கு உவந்ததைத் தியானி என்று முடித்துவிடுகிறார்.

நானும் அத்வைதத்தின் பக்கம் சாய்ந்தவன்தான். ஆனாலும் 'கீழ்ப்படி' என்ற சொல் உறுத்துகிறது. 'நான் யார்' என்ற விசாரத்தைத் தந்த ரமணர், அருணாசல அக்ஷரமணமாலையில் ஒரு மலையைக் காதலனாக வைத்து 108 கண்ணிகளில் உருகுகிறார். அவரை எந்தப் படியில் நிறுத்துவீர்கள்?

அரை மணி நேரமும் விரட்டுவதிலேயே போகிறது என்றால், நீங்கள் மல்யுத்தம் செய்துவிட்டு எழுந்து வருகிறீர்கள் என்று பொருள். ஒரு மாதம் விரட்டாமல் இருந்து பாருங்கள். முகம் வந்தால் பார்த்துக்கொண்டிருங்கள். கரைந்தால் கரையட்டும். பார்ப்பது யார் என்ற கேள்வி தானாக எழுந்தால், அப்போது ரமணரிடம் போகலாம்.

எங்கள் ஊரில் சந்தனக் காப்புச் சாத்தினால் கண்கள் மட்டும்தான் துலங்கும். உங்கள் முருகன் எப்படிப் பார்க்கிறான்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.