ஆபரேஷன் முடிந்தும் முயல் சோபாவை நனைக்கிறதே, பணம் வீண்தானா?

கேள்வி: எங்கள் ஆண் முயலுக்கு ஏழு மாதம் ஆகிறது. சோபாவிலும் மெத்தையிலும் மூத்திரத்தைப் பீய்ச்சுகிறது. காலைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, கூண்டுக்குள் கையை விட்டால் கடிக்கிறது. கருத்தடை ஆபரேஷன் செய்தால் எல்லாம் நின்றுவிடும் என்றார்கள். செய்து இரண்டு வாரமாகிவிட்டது, பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. செலவழித்தது வீண்தானா? கடையில் முயலை அமைதிப்படுத்தும் ஸ்பிரே என்று ஒன்றைக் காட்டினார்கள். வாங்கலாமா?

பதில்: வீண் இல்லை, இன்னும் கொஞ்சம் பொறுங்கள். விதைகளை எடுத்ததும் ஹார்மோன் சுரப்பது நின்றுவிடும். ஆனால் அது கிளப்பிவிட்ட குணங்கள் அடங்கப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். சில முயல்களுக்கு இன்னும் கூடுதலாகவே ஆகும்.

என்ன மாறும், என்ன மாறாது என்பதை யாரும் உங்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். மூத்திரம் பீய்ச்சுவது, உறுமிக்கொண்டே காலைச் சுற்றுவது, கை கால் மேல் ஏறுவது, கண்ட இடத்தில் புழுக்கை போட்டு எல்லை வகுப்பது எல்லாம் பெரும்பாலும் குறைந்துவிடும். வயரைக் கடிப்பதும் தரைவிரிப்பைத் தோண்டுவதும் குறையாது. தூக்கினால் உதைப்பதும் அப்படியே இருக்கும். அதெல்லாம் முயலின் இயல்பு, ஹார்மோனின் வேலை இல்லை. கூண்டைத் தன் இடமாக நினைப்பதும் ஓரளவுக்கு இருக்கத்தான் செய்யும். அது வெளியே உலாவும்போது கூண்டைச் சுத்தம் செய்யுங்கள், கடி பாதி குறையும்.

ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். சுவரிலும் சோபாவின் பக்கவாட்டிலும் துளித்துளியாகத் தெறித்து, வாடை தூக்கலாக இருந்தால் அது எல்லை வகுக்கும் வேலை. மெத்தையில் குளம் போலத் தேங்கி, காய்ந்ததும் சுண்ணாம்பு மாதிரி கெட்டியாகப் படிந்தாலோ, மூத்திரம் போக முக்கினாலோ சிறுநீர்ப்பைக் கோளாறாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். நிறத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். முயலின் மூத்திரம் மஞ்சளிலிருந்து செம்மஞ்சள் வரைக்கும் இயல்பாகவே மாறும்.

ஸ்பிரேயை விடுங்கள். அந்தப் பணத்தில் முயல் தாராளமாகத் திரும்பி உட்காரும் அளவுக்கு ஒரு பெரிய கழிவுத் தட்டும், நல்ல உலர்புல்லும் வாங்குங்கள். தட்டின் ஒரு ஓரத்தில் புல்லைக் குவித்து வையுங்கள். முயல் தின்றுகொண்டே கழிக்கும் பிராணி, அதனால் அந்த இடம் தானாகப் பழகிவிடும். தட்டில் காகிதத் துண்டுகளைப் பரப்பலாம். ஈரம் பட்டால் கட்டிப்படும் பூனை மணல் வேண்டாம், விழுங்கினால் குடல் அடைக்கும். சோபாவை வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, இந்தச் சில வாரங்களுக்கு முயலை அந்தப் பக்கம் விடாதீர்கள். பழைய வாடை இருந்தால் அங்கேயே மறுபடியும் அடிக்கும்.

கேள்வி: அதற்குத் துணையாக ஒரு பெண் முயல் வாங்கி இப்போதே கூட விடலாமா?

பதில்: வேண்டாம். ஆபரேஷன் ஆன பிறகும் 4 முதல் 6 வாரம் வரை ஆண் முயலால் குட்டி தர முடியும். முயலின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 31 நாள்தான், ஈன்ற உடனேயே மறுபடியும் சினை பிடிக்கும்.

சரி, பிறகு வாங்கினால் அதற்கும் ஆபரேஷன் செய்துவிடுங்கள். பெண் முயலும் எல்லைக்காகச் சண்டை போடும். சினை பிடிக்காமலே பிடித்ததாக உடல் நினைத்துக்கொள்ள, தன் ரோமத்தைப் பிடுங்கி, வாய் நிறையப் புல்லோடு கூடு கட்டவும் ஓடும். இதெல்லாவற்றையும் விடப் பெரிய காரணம், கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயதாக ஆகக் கருப்பையில் புற்றுநோய் வருவது சர்வசாதாரணம். ஆனால் வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன் இது, தேற அதிக நாளாகும். அப்புறம், கடைக்காரர் பெண் என்று சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். குட்டிகளில் ஆண் பெண் பிரித்தறிவது கஷ்டம், மருத்துவரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பெண் முயலுக்குச் செய்வதானால், பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்?

பதில்: முயல்களுக்கு அடிக்கடி செய்கிறாரா என்று முதலில் கேளுங்கள். நாய் பூனை மட்டும் பார்த்த கை போதாது. "ராத்திரியிலிருந்தே பட்டினி போடுங்கள்" என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் பட்டினி தேவையில்லை. குடல் ஓயாமல் இயங்குவதுதான் அதற்கு உயிர். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வலி மருந்து, மறுபரிசோதனை எல்லாம் சொன்ன தொகைக்குள் வருமா என்பதையும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் 12 மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். அது அவசரம், உடனே கொண்டுபோங்கள்.