பதில் சொல்கிறேன்: ஊர் கூடி எழுப்பும் கோபுரம்

ஸ்பெயினில் நான் வேலை பார்த்த மூன்று ஆண்டுகளைப் பற்றிப் போன இதழில் பேச்சுவாக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி மனிதர்களே கட்டும் கோபுரம் என்று அதில் ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்துக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை பக்கம் முழுவதும் அதற்குத்தான்.

கேள்வி: என் மகள் செப்டம்பரில் பார்சிலோனாவுக்கு மேல்படிப்புக்குப் போகிறாள். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, "நானும் அந்தக் கோபுரத்தில் சேரப்போகிறேன்" என்கிறாள். பாஷை தெரியாத ஊர். வெளிநாட்டுப் பெண்ணைச் சேர்த்துக்கொள்வார்களா? விழுந்து அடிபட்டால் என்ன செய்வது?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: அம்மா, தாராளமாக அனுப்புங்கள். அவள் மேலே ஏறப்போவதில்லை, அடியில் நிற்கப்போகிறாள். அந்த அடிக்கூட்டத்துக்கு அந்தப் பக்கத்து மொழியான கத்தலானில் 'பின்யா' என்று பெயர். பைன் மரத்துக் காய் என்று அர்த்தம். பால்கனியிலிருந்து பார்த்தால் செதில் செதிலாக அப்படியேதான் இருக்கும். பெரிய கோபுரம் என்றால் பின்யாவில் மட்டும் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்பார்கள். எத்தனை கை கூடினாலும் அவர்களுக்குப் போதாது. எந்த ஊர், என்ன பாஷை என்று என்னை யாரும் கேட்டதே இல்லை. உயரத்தைக் கண்ணால் அளந்தார்கள், ஒரு முதுகைக் காட்டி "இங்கே" என்றார்கள். அவ்வளவுதான்.

நான் குடியிருந்த ஊர் விலாஃபிராங்கா. பார்சிலோனாவிலிருந்து மேற்கே ஐம்பது கிலோமீட்டர், சுற்றிலும் திராட்சைத் தோட்டம். வாடகை குறைவு என்பதால் அங்கே வீடு எடுத்தேன், தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வந்தேன். ஆகஸ்ட் 30 அந்த ஊரின் சான் ஃபெலிக்ஸ் திருநாள். விடியும் முன்பே தெருவில் வாத்தியம் கேட்டது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, ஒரு நிமிஷம் திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறேன் என்று நினைத்துவிட்டேன். கிரால்யா என்பது அந்த வாத்தியத்தின் பெயர். மரத்தில் செய்தது, முழங்கை நீளம்கூட வராது. ஆனால் நம் நாகஸ்வரம் போல இரட்டைச் சீவாளி வைத்து ஊதுவது, அதே குடும்பம். காதில் சுரீரென்று ஏறும். கூடவே ஒரு சின்ன முரசு. பார்த்தசாரதி பெருமாள் புறப்பாட்டுக்கு எழுந்து ஓடியே வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் படுக்கை ஏது?

முதல் வருஷம் சதுக்கத்தின் ஓரத்தில் நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுப் பாட்டி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "படம் நாளைக்குப் பேப்பரில் வரும். நீ உள்ளே போ" என்றார். அன்று கூச்சத்தில் போகவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அடுத்த வருஷம் ஜூன் மாதமே ஒத்திகைக்குப் போய் நின்றுவிட்டேன். உங்கள் மகளும் நேராக ஒத்திகைக்குப் போகட்டும். வாரத்தில் இரண்டு மூன்று மாலைகள் நடக்கும், புதியவர்களுக்கு எப்போதும் கதவு திறந்தே இருக்கும்.

பின்யாவுக்குள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முன்னால் இருப்பவரின் முதுகோடு உங்கள் நெஞ்சு, உங்கள் முதுகோடு பின்னால் இருப்பவரின் நெஞ்சு. கைகள் இரண்டும் மேலே. தலையை ஒரு பக்கம் சாய்த்துத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். அண்ணாந்து பார்க்கவே கூடாது, மேலிருந்து ஆள் விழுந்தால் கழுத்துக்கு ஆபத்து. ஆகவே கோபுரம் எழுவதை நாம் பார்க்க முடியாது. வியர்வை வாசனையும் யாரோ ஒருவரின் சட்டைத் தையலும்தான் கண்ணெதிரே. சதுக்கம் முழுவதும் மூச்சடங்கி நிற்கும். அப்போது கிரால்யா தொடங்கும். வாசிப்பைக் கேட்டுத்தான் மேலே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். உச்சியில் ஏறும் குழந்தை கையை உயர்த்தும் இடத்துக்கு வாசிப்பில் ஒரு தனித் திருப்பம் உண்டு. அது காதில் விழுந்த கணம் என் தோளில் சாய்ந்திருந்த ஒரு பெரியவர் அழுதார். யார் என்று திரும்பிப் பார்க்க எனக்கு இடமில்லை.

அடிபடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். கோபுரம் சரிவது உண்டு. சரிந்தால் "விறகாகிவிட்டது" என்று அவர்கள் பாஷையில் சொல்வார்கள். கீழே நெருக்கி நிற்கும் பின்யாதான் விழுபவர்களுக்கு மெத்தை. ஒருமுறை எங்கள் மேல் சரிந்ததில் என் மணிக்கட்டு சுளுக்கி, பத்து நாள் சோறு பிசைய முடியவில்லை. உங்களிடம் மறைக்க விரும்பாததால் இதையும் எழுதுகிறேன். முதல் சில மாதம் வெளிவட்டத்தில் நிற்கச் சொல்லுங்கள், அங்கே பாரம் குறைவு.

கேள்வி: '9 அடுக்கில் 3' என்று கணக்கு சொல்கிறார்களே, அது என்ன?
– கல்லூரி மாணவர், வில்லிவாக்கம்

பதில்: அடுக்குக்கு 3 பேர், மொத்தம் 9 அடுக்கு; உச்சிப் பக்கம் மட்டும் ஆள் குறையும். உயரம் மூன்று மாடிக்குக் குறையாது. உச்சி அடுக்குகள் மட்டும் எப்போதும் சிறுவர்களுடையவை. ஏறி முடித்ததும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொருவராகப் பத்திரமாக இறங்கினால்தான் முழுக் கோபுரம். உச்சியில் கை உயர்த்திய பிறகு இறங்கும் வழியில் சரிந்தால், ஏற்றியதற்கு மட்டும்தான் மதிப்பு. எனக்கு அந்த விதி ரொம்பப் பிடிக்கும்.

இது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வால்ஸ் என்ற ஊர்ப் பக்கம் தொடங்கியது. 2010இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சட்டை நிறத்தை வைத்தே குழுவைச் சொல்லிவிடலாம்: விலாஃபிராங்காவுக்குப் பச்சை, தெர்ராசாவின் மின்யோன்ஸ் குழுவுக்கு இளம் ஊதா. வால்ஸில் இரண்டு குழு, ஒன்று சிவப்பு, இன்னொன்று ரோஜா நிறம். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள போட்டியைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

கேள்வி: சின்னக் குழந்தையை உச்சியில் ஏற்றுவது பாவமில்லையா?
– இல்லத்தரசி, குரோம்பேட்டை

பதில்: முதல் நாள் எனக்கும் வயிறு கலங்கியது. 2006இல் ஒரு சிறுமி விழுந்து இறந்தே போனாள். இப்போது சிறுவர்கள் தலைக்கவசம் போட்டுத்தான் ஏறுகிறார்கள், ஒத்திகையில் வலையும் கட்டுகிறார்கள். நடுவழியில் குழந்தை பயந்து இறங்கிவிட்டதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். யாரும் அதட்டவில்லை. தலைவர் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், அன்றைக்கு அந்தக் கோபுரத்தையே விட்டுவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மனம் ஒப்பியது. ஆனாலும் என் பிள்ளையை ஏற்றுவேனா என்றால், மாட்டேன்.

கேள்வி: தக்காளி எறியும் திருவிழாவுக்குப் போனீர்களா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: போகவில்லை. அது வலென்சியா பக்கம் புன்யோல் என்ற சிற்றூரில், ஆகஸ்ட் கடைசி புதன்கிழமை, ஒரு மணி நேரம். 1945இல் தொடங்கியது. 2013 முதல் டிக்கெட் வைத்து சுமார் 20,000 பேரைத்தான் விடுகிறார்கள். எனக்குத் தக்காளி ரொட்டியோடு சரி.

கேள்வி: சைவம் சாப்பிடுபவர்கள் அங்கே என்ன சாப்பிடுவது?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: அந்த ரொட்டியைத்தான். சுட்ட ரொட்டியில் பழுத்த தக்காளியைப் பாதியாக வெட்டி அழுத்தித் தேய்ப்பார்கள். மேலே ஆலிவ் எண்ணெய், உப்பு. ஒத்திகை முடிந்து இரவு பத்து மணிக்கு அதைத் தின்றால் வேறு எதுவும் வேண்டாம்.

கேள்வி: கோபுரம் கட்டுபவர்கள் இடுப்பில் கறுப்புத் துணி சுற்றியிருக்கிறார்களே, எதற்கு?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: அதன் பெயர் ஃபாஷா. முதுகெலும்புக்குப் பிடிப்பு, மேலே ஏறுபவருக்குக் கால் வைக்கப் படி. பல கஜம் நீளம். தனியாகக் கட்டவே முடியாது. ஒருவர் ஒரு முனையை இழுத்துப் பிடிக்க, கட்டுபவர் மறுமுனையை இடுப்பில் வைத்துச் சுழன்று சுழன்று அவரை நோக்கி வர வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் அவிழ்த்து முதலிலிருந்து. எங்கள் தெருவில் பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகள் புறப்பாட்டுக்கு முன் ஒருவருக்கொருவர் துணியை இறுக்கிக் கட்டிவிடுவார்கள், சிறு வயதில் திண்ணையிலிருந்து பார்த்திருக்கிறேன். அங்கே எனக்கு முனையைப் பிடித்தது கீழ்வீட்டுப் பாட்டியின் பேரன். கிளம்பி வரும்போது அதை மடித்து என் பெட்டியில் வைத்துவிட்டான். வருஷா வருஷம் ஆகஸ்ட் 30 அன்று பீரோவிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நேரலை பார்க்கிறேன். அங்கே நண்பகல் என்றால் நமக்கு மூன்றரை மணி.

பெரம்பூர் அம்மாவுக்குச் சொல்ல மறந்துபோன ஒன்று. மகள் போய் இறங்கிய மாதமே செப்டம்பர் 24 பார்சிலோனாவின் லா மெர்சே திருநாள், அதற்கு முந்தைய நாள் தர்ரகோனாவில் சாந்தா தெக்லா. இரண்டிலும் கோபுரம் உண்டு. கண்ணாடி, கடிகாரம், ஜிமிக்கி எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகட்டும். தலைமுடியை இறுக்கிப் பின்னிக்கொள்ளச் சொல்லுங்கள்.